நான் எழுதிய நன்றிக் கடிதம்

எங்கள் தெரு குடியிருப்போர் நலச்சங்கத்தில் ஒன்றரை வருடம் செயலாளராக இருந்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. வயதான காலத்தில் மனிதர்களுக்கு வரும் வியாதிகளில் இதுவும் ஒன்று. எனக்கும் வந்தது.

சிட்லபாக்கத்தில் ஏரியைப் பார்த்து இறங்கும் தெருக்களில் ஒன்று எங்களுடையது. பாதி வீடுகளில் ஓய்வு பெற்றவர்கள். மீதி வீடுகளில் காலையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு ஓடுகிறவர்கள். ஓடுகிறவர்களுக்குச் சங்கத்துக்கெல்லாம் நேரமில்லை என்பதால், அது எங்களைப் போன்ற ஓடாதவர்களின் கையில் இருந்தது.

நான் வேலை பார்த்தது ஓர் அரசு அலுவலகத்தின் தபால் பிரிவில். வருகிற மனுவை வாங்கி, முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, உரிய மேசைக்கு அனுப்ப வேண்டும். இருபத்தொன்பது வருடம் அதையே செய்தேன். ஒரு மனு எந்த மேசையில் தூங்கும், எந்த மேசையில் சாகும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஓய்வு பெற்ற அடுத்த மாதமே சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

தலைவர் ஒரு வங்கியில் மேலாளராக இருந்தவர். வங்கியை விட்டுப் பல வருடமாகியும், தன் அறைக்கு வெளியே நாலு பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார்.

"மேடம், டிராஃப்டிங் தெரிஞ்சவங்க நம்ம தெருவுல இருக்கறது நம்ம லக். நீங்கதான் செக்ரெட்டரியா வரணும். வேலை ஒண்ணும் பெரிசா இருக்காது. லெட்டர் மட்டும்தான்" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அத்தனை வருடமும் ஊரார் எழுதிய மோசமான மனுக்களைப் படித்துப் படித்து, நான் எழுதினால் எப்படி எழுதுவேன் என்று மனசுக்குள் எழுதிப் பார்த்தவள். சரி என்றேன்.

கூட்டம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைவர் வீட்டு கார் ஷெட்டில் நடக்கும். கார் அன்றைக்கு மட்டும் வெயிலில் நிற்கும். இறைவணக்கம், வரவேற்புரை, பொன்னாடை, பிறகு யார் வீட்டு நாய் யார் வீட்டு வாசலில் அசிங்கம் செய்தது என்பது பற்றி முக்கால் மணி நேரம், பிறகு நன்றியுரை. யாருக்காவது பொன்னாடை போர்த்தாமல் ஒரு கூட்டமும் முடிந்ததில்லை. எனக்குப் போர்த்தியதில் ஏற்கெனவே யாருக்கோ வைத்த சந்தனத்தின் கறை இருந்தது. தெருவின் வாட்ஸ்அப் குழுவோ இன்னும் மோசம். மூன்றாவது கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று ஒருவர் எழுதினால், பதினோரு பேர் கைகூப்புவார்கள். யாரைக் கும்பிட்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் ஒரே நிறத் தொப்பி போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் கைகோத்து நிற்போம். ஏரியைக் காப்போம் என்று பேனர். ஏரியில் மழைத்தண்ணீர் சேரவேண்டும், ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்று தலைவர் முழங்குவார். முழங்கிவிட்டு வீட்டுக்கு வருவோம். எங்கள் வீடுகளுக்குள் எப்படி வருவோம் என்பதைத்தான் இங்கே விளக்க வேண்டும்.

ரோடு போடும்போது பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட வேண்டும் என்பார்கள். எங்கள் தெருவில் அப்படி நடந்ததில்லை. பழையதன் மேலேயே புதியதைக் கொட்டிக் கொட்டி, ரோடு வாசலைவிட உயர்ந்துவிட்டது. ஒவ்வொரு முறை உயர்ந்தபோதும் நாங்கள் பொன்னாடை போர்த்தி நன்றி சொன்னோம். பிறகு அவரவர் வாசலையும் உயர்த்திக்கொண்டு, ரோட்டிலிருந்து கேட் வரைக்கும் சிமெண்டில் சரிவு கட்டினோம். கேட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில்தான் மழைநீர் வடிகால் போகிறது. சில அடிக்கு ஒரு மூடி உண்டு. அத்தனை மூடியும் சரிவுகளுக்கு அடியில் போய்விட்டன. ஒருவர் அதன்மேல் செம்பருத்தி வைத்து இரும்பு வேலி போட்டிருந்தார். நான் பார்க்கிங் டைல்ஸ் ஒட்டியிருந்தேன். எனக்குக் கார் கிடையாது. பெங்களூரில் இருக்கும் மகன் வருடத்தில் இரண்டு முறை காரில் வருவான், அதற்காக.

உயர்த்திக்கொள்ள முடியாத வீடு ஒன்றே ஒன்றுதான், தெருவின் கடைசியில், ஏரிக்குப் போகும் கால்வாயை ஒட்டி. ஷீட் போட்ட வீடு. ரோட்டிலிருந்து இரண்டு படி கீழே இறங்க வேண்டும். மீன்காரம்மாவின் வீடு அது. கோவளம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். எங்கள் மனை வரைபடத்தில் அந்த வீடு இல்லை என்ற காரணத்தால் சங்கத்தில் அவர் உறுப்பினர் இல்லை. அவருடைய அன்னக்கூடையிலிருந்து வஞ்சிரம் வாங்குகிறவர்களே, தெருவில் மீன் வாடை அடிக்கிறது என்று குழுவில் எழுதினார்கள்.

அவர் கணவருக்குச் சர்க்கரை வியாதி. ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கதவை ஒட்டிப் போட்ட கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் "மழ வருமா?" என்று கேட்பார். சித்திரை வெயிலிலும் அதையே கேட்பார். கேட்பதற்குக் காரணம் இருந்தது. முந்தின வருட மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து கட்டில் நனைந்து, மீன்காரம்மா அவரைத் தூக்கிச் சமையல் மேடைமேல் உட்காரவைத்தார். ஒரு பகல் முழுக்க அவர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஆவணி கடைசியில் மீன்காரம்மா என் கேட்டருகே கூடையை இறக்கி வைத்தார்.

"யம்மா, நீதான் சங்கத்துல எழுதறவளாமே. இந்தக் காவாய சுத்தம் பண்ணச் சொல்லி ஒண்ணு எழுதிக் குடும்மா. தண்ணி போறதுக்கு வழி இருந்தா என் வூட்டுக்குள்ள ஏன் வருது? இந்த வாட்டி அவர தூக்க என்னால முடியாது. இடுப்பு போயிடுச்சி."

எழுதினேன். நல்ல மனு அது. யாருக்கு எழுத வேண்டும், யாருக்கு நகல் போட வேண்டும், எந்த வரியில் மாற்றுத்திறனாளி என்ற சொல் வர வேண்டும் என்பதெல்லாம் தெரிந்து எழுதியது. சங்கத்தின் பெயரிலேயே அனுப்பினேன். மூன்றே வாரத்தில் மாநகராட்சியிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

நாலு தொழிலாளர்கள், ஒரு மேற்பார்வையாளர். கடப்பாரையை வைத்துக்கொண்டு தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார்கள். திறக்க ஒரு மூடி கிடைக்கவில்லை. கடைசியில் தலைவர் வீட்டு ஓரத்தில் ஒன்று அகப்பட்டது. அங்கே மின்பெட்டி இருந்ததால் அவரால் அந்த ஓரத்தில் மட்டும் சரிவு கட்ட முடியவில்லை.

"சார், ராம்ப்ப ஒடைச்சாத்தான் உள்ள வேலை செய்ய முடியும். முழுசா வேணாம், ஆளுக்கு ரெண்டடி ஓரமா ஒடைச்சுக் குடுத்தா போதும்" என்றார் மேற்பார்வையாளர்.

தெருவே கேட்டுக்கு வந்து நின்றது. ஏரிக்காகக் கைகோத்த அதே ஆட்கள், இப்போது அவரவர் சரிவின்மேல் ஏறி நின்றுகொண்டார்கள். "போன மாசம்தான் சார் டைல்ஸ் போட்டேன்" என்றார் ஒருவர். செம்பருத்திக்காரர் செடி பூக்கிற நேரம் என்றார். தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இதெல்லாம் ஜெனரல் பாடில வச்சுத் தீர்மானம் போட்டுத்தான் செய்யணும்" என்றார். நான் என் டைல்ஸின்மேல் நின்றிருந்தேன். முதலில் என்னுடையதை உடையுங்கள் என்று சொல்ல வாய் இருந்தது. சொல்லவில்லை.

அகப்பட்ட அந்த ஒரு மூடியைத் திறந்து சேறு எடுத்தார்கள். பிளாஸ்டிக் பைகள் வந்தன, ஒற்றைச் செருப்பு வந்தது, சங்கத்தின் பழைய பேனர் ஒன்று சுருண்டு வந்தது. தலைவர் உள்ளே போய்த் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தார். எடுத்த சேற்றுக்குப் பக்கத்தில் எல்லோரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். டீ குடித்துவிட்டு ஆட்கள் போய்விட்டார்கள்.

சாயங்காலம் தலைவர் போன் செய்தார். "ஒரு தேங்க்ஸ் லெட்டர் போட்டுடலாம் மேடம். ஆபீஸோட ரிலேஷன்ஷிப் நல்லா இருக்கணும் இல்லையா? அப்பத்தான் அடுத்த வேலை நடக்கும்."

நன்றிக் கடிதம் என்றால் என்னவென்று அந்தத் தெருவில் என்னைவிடத் தெரிந்தவர் கிடையாது. அலுவலகத்தில் அதைப்போல ஆசையாக வாங்கும் காகிதம் வேறில்லை. வந்த உடனே கோப்பின் மேல் கோத்து, மனுதாரர் திருப்தி தெரிவித்துள்ளார், கோப்பை முடிக்கலாம் என்று குறிப்பு எழுதிக் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தத் தெருவே முழுகினாலும் அது வேறு விஷயம், புது மனு வேண்டும். நானே எத்தனையோ கடிதங்களை அப்படிப் பதிந்து அனுப்பியிருக்கிறேன்.

தெரிந்தும் எழுதினேன். ஏன் என்று பலமுறை கேட்டுக்கொண்டாயிற்று. எழுதச் சொன்னார்கள், எழுத எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். "எங்கள் தெருவின் முழு நீளத்துக்கும் மழைநீர் வடிகாலைத் தூர்வாரி, இனி ஒரு சொட்டு நீரும் தேங்காத நிலையை ஏற்படுத்தித் தந்தமைக்கு" என்று ஒரு வாக்கியம். முழு நீளத்துக்கும் என்று தலைவர் சொல்லவில்லை. அது இல்லாமல் வாக்கியம் மொட்டையாக இருந்தது, நானாகத்தான் சேர்த்தேன். தலைவர் அதைக் குழுவில் போட்டார். கைதட்டல்கள் வந்து விழுந்தன. வெட்கங்கெட்டவள், அதை இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன்.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. வடிகாலுக்குள் போக இடமில்லாத தண்ணீர் ரோட்டின் மேலாகவே ஓடி, இரண்டு படி இறங்கி, மீன்காரம்மாவின் வீட்டுக்குள் போனது. அவர் கணவரைத் தூக்கப் பார்த்திருக்கிறார். இடுப்பு ஒத்துழைக்கவில்லை. இருவரும் விழுந்தார்கள். கணவருக்கு மிச்சமிருந்த காலில் தொடை எலும்பு முறிந்தது.

மழை விட்ட நாலாம் நாள் காலையில் மீன்காரம்மா என் வீட்டுக்கு வந்தார். கையில் கூடை இல்லை, ஒரு ஜெராக்ஸ் காகிதம் இருந்தது.

"ஆபீசுக்குப் போயி சத்தம் போட்டேன். அதான் உங்க தெருவே நல்லா பண்ணிட்டீங்கன்னு எழுதிக் குட்த்துக்கீதேன்னு இத்தக் காட்டறாங்க. கீழ உன் கையெழுத்தாமே. இன்னா எழுதிக்கீது, படிச்சிக் காட்டு."

சுருக்கமாகச் சொல்லப் பார்த்தேன். "முழுசாப் படி" என்றார். படித்தேன். இருபத்தொன்பது வருடத்தில் ஒரு கடிதத்தையும் நான் வாய்விட்டுப் படித்ததில்லை. ஒரு சொட்டு நீரும் என்ற இடத்தில் நிறுத்தினேன். "நிறுத்தாத" என்றார். மிச்சத்தையும் படித்து, என் பெயரையும் பதவியையும் படித்து முடித்தேன்.

அவர் காகிதத்தை வாங்கி நாலாக மடித்தார்.

"நல்லா எழுதிக்கீறம்மா. எனக்கு எழுதிக் குட்த்தியே, அத்தவிட இது நல்லாக் கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கிண்டல் செய்யவில்லை.

மறுநாள் கொத்தனாரை வரவழைத்து என் வாசல் சரிவை உடைத்தேன். மூடியைத் திறந்தால் விளிம்பு வரை சேறு. ஆள் வைத்து எடுத்தேன். இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் உடைக்கவில்லை. நடுவில் என் வீட்டு அகலத்துக்கு மட்டும் ஒரு வடிகால் சுத்தமாக இருந்து என்ன பிரயோஜனம்? தெருவின் அழகு ஒரே சீராக இருக்க வேண்டாமா என்று தலைவர் குழுவில் வருத்தப்பட்டார். பதவியை விட்டு விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

இந்த வருடமும் தூர்வார ஆட்கள் வந்தார்கள். இப்போது திறக்க இரண்டு மூடிகள் இருக்கின்றன, தலைவருடையதும் என்னுடையதும். என்னுடையது பார்க்கச் சுத்தமாக இருந்ததால் போட்டோவை அங்கே வைத்து எடுத்துக்கொண்டார்கள். மாலையில் புதுச் செயலாளர், நல்ல பிள்ளை மாதிரி, கேட்டில் வந்து நின்றார்.

"மேடம், போன வருஷத்துத் தேங்க்ஸ் லெட்டர் ரொம்ப நல்லா இருந்துச்சு. சாஃப்ட் காப்பி இருக்கா?"

இல்லை என்றேன். அது ஏன் எழுதக்கூடாத கடிதம் என்பதையும், தொடை எலும்பையும், எல்லாவற்றையும் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு குழுவிலேயே தேடி எடுத்து, தேதியையும் பெயரையும் மாற்றி அனுப்பிவிட்டார். முழு நீளத்துக்கும் என்பது அப்படியே இருக்கிறது.

நேற்று தெருக்கோடி வரை நடந்து போனேன். மீன்காரம்மா கணவரின் கட்டிலுக்கு அடியில் இன்னொரு வரிசை சிமெண்டுக் கல் அடுக்கியிருந்தார். கணவரால் இப்போது உட்கார முடியாது. படுத்தபடியே என்னைப் பார்த்து மழை வருமா என்று கேட்டார்.