எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவள்

"தீப்பெட்டி ஒட்டுற வீட்டுப் பிள்ளை. நீ என்னத்தம்மா சொல்லிக் குடுத்துறப் போறே?"

2006 ஜூனில், ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்துக் கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்த அன்று தலைமையாசிரியர் கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். ஒன்றாம் வகுப்பைக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன்.

அந்த வகுப்பில் ஒரு சிறுமி புத்தகத்தைத் தலைகீழாகத்தான் பிடிப்பாள். நான் நேராகத் திருப்பி வைப்பேன். உடனே விழிப்பாள், ஓர் எழுத்துகூட வராது. செப்டம்பரில் அவளுடைய அம்மாவே வந்துவிட்டார்.

"எழுத்து வரலேன்னா எதுக்கு டீச்சர் இங்கன அனுப்பணும்? காலாண்டுப் பரீட்சையோட நிப்பாட்டிருதேன். வீட்டுல இருந்தா நாலு தீப்பெட்டியாச்சும் ஒட்டுவா."

"புஸ்தகம் பிடிக்கவே தெரியாத பிள்ளை, விடும்மா" என்று தலைமையாசிரியர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அன்று சாயங்காலம் என்னை அந்தச் சிறுமியின் வீட்டுக்குத் துரத்தியது.

தீப்பெட்டி ஒட்டும் பலகையின் ஒரு பக்கம் அவளுடைய அம்மாவும் ஐந்தாம் வகுப்பு படிக்கும் அக்காவும். எதிர்ப்பக்கம் இவள். லேபிள் கட்டு அம்மாவைப் பார்த்து இருந்தது. "இது என்ன எழுத்துடி?" என்று அக்கா பசைக்கையால் தொட்டுத் தொட்டுக் கேட்க, இவள் டக் டக்கென்று சொல்லிக்கொண்டிருந்தாள். தலைகீழாகப் பார்த்தபடி!

நானும் சின்ன வயதில் ஒட்டியவள்தான், ஆனால் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து. எதிரே உட்கார்ந்திருந்தால்? தெரிந்த பிள்ளையை மூன்று மாதமாகத் தெரியாதவள் ஆக்கியது புத்தகத்தைத் திருப்பிய என் கைதான்.

மறுநாள் திருப்பவில்லை. அவள் போக்கிலேயே 'மரம்', 'பட்டம்' என்று படித்தாள். பிறகு நாளுக்குக் கொஞ்சமாகப் புத்தகத்தைச் சாய்த்து, பக்கவாட்டில் கொண்டுவந்து, கடைசியில் நேராக்கினேன்.

காலாண்டுப் பரீட்சையன்று, அம்மாவையும் வரச்சொல்லி, அவளைத் தலைமையாசிரியர் அறைக்கு அழைத்துப் போனேன். அவர் பாடப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். மேசையில் அவரைப் பார்த்து விரித்திருந்த பேப்பரை, எதிரே நின்றவள் எழுத்துக் கூட்டினாள்.

"சார், நாளைக்கு மின்தடையாம்."

அவர் பேப்பரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். புத்தகத்தையும் கொடுத்தார். நேராகப் பிடித்து அதையும் படித்தாள்.

"சரி, வரட்டும் டீச்சர்" என்றார் அம்மா. "ஒட்டுறதுக்கு நான் இருக்கேன்."

ஆமாம், நான் தீப்பெட்டி ஒட்டுற வீட்டுப் பிள்ளைதான். அந்தப் பலகைக்கு எத்தனை பக்கம் என்று எனக்குத்தான் தெரியும். அடுத்த ஜூனிலும் ஒன்றாம் வகுப்பையே கேட்டு வாங்கினேன். புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய், யார் எந்தப் பக்கம் உட்காருகிறார்கள் என்று பார்த்து வந்த பிறகுதான் கரும்பலகையில் முதல் எழுத்தை எழுதினேன்.