கயிற்றின் கீழ்முனை

மேஸ்திரிக்கு ஊரில் ‘பெருச்சாளி’ என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அவர் கோபப்படமாட்டார் என்று தெரிந்ததும் முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். குன்றின் சரிவைக் குடைந்து வீடு எடுப்பது அவர் தொழில். கதவும் ஒரு ஜன்னலும்தான் வெளியே தெரியும், மற்றதெல்லாம் மண்ணுக்குள். கோடையில் குளுகுளுவென்றிருக்கும், குளிரில் கதகதப்பாக இருக்கும். முப்பது வருஷத்தில் நாற்பத்தோரு வீடு. ஒன்றின் கூரையிலிருந்தும் ஒரு பிடி மண் உதிர்ந்ததில்லை.

இத்தனை பேரை மண்ணுக்குள் குடிவைத்த மனுஷர், தான் மட்டும் பெண்டாட்டியோடு மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்தார். ஊரே சிரித்தது. அவள் மசியவில்லை. அடைத்த இடத்தில் அவளுக்கு மூச்சு முட்டும். குளியலறைக் கதவைக்கூட ஒரு விரல் அளவு திறந்துவைத்துத்தான் குளிப்பாள்.

ஆனாலும் நாற்பத்தோரு வீட்டிலும் அவள் கை பட்டிருக்கிறது. உள் அறைக்கு வெளிச்சம் வர, குன்றின் மேலிருந்து செங்குத்தாக ஒரு குழி இறக்குவார்கள். வெளிச்சக் குழி என்பார்கள். அது சரியாகப் படுக்கையறையில் இறங்க வேண்டுமானால், வாசலிலிருந்து அறை எத்தனை மீட்டரோ அத்தனை மீட்டரை வெளியே குன்றின் மேல் அளக்க வேண்டும். சரிவில் கயிற்றைப் படுக்கப் போட்டால் கணக்கு தப்பும். மேலே நிற்பவர் கயிற்றைத் தரையோடு பிடிக்க, கீழே நிற்பவர் தன் முனையைக் கழியில் கட்டித் தூக்கி மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். இப்படி மூன்று நாலு தடவையாக மேலே ஏறுவார்கள். மேலே எப்போதும் அவர், கீழே எப்போதும் அவள்.

“தூக்கு... இன்னும் கொஞ்சம்... போதும், போதும்.”

அளந்து முடிந்ததும் கழியை வாசலில் சாத்திவிட்டுப் போய்விடுவாள். ஒரு வீட்டுக்குள்ளும் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

போன மாதம் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். இனி மூன்று மாடி ஏறுவது நடக்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வெளியூரில் இருந்த மகள் ஓடிவந்தாள்.

“அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன்பா. தரை வீடு, நல்லா காத்து வரும். ஒரு ரூம்தான் இருக்கு, அதுதான்...”

அவள் முடிக்கவில்லை. முடிக்காமலே அப்பாவுக்குப் புரிந்தது. அங்கே அவருக்கு இடமில்லை.

அப்போதுதான் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து, லீவு நாட்களில் இரண்டு வருஷமாகத் திருட்டுத்தனமாகக் குடைந்துகொண்டிருந்த நாற்பத்திரண்டாவது வீட்டைப் பற்றி மனைவியிடம் சொன்னார். படியே கிடையாது, வாசலிலிருந்து படுக்கையறை வரை ஒரே தளம் என்றார். வெளிச்சக் குழி மட்டும்தான் பாக்கி.

“படுத்த இடத்துல இருந்து எனக்கு வானம் தெரியணும். தெரிஞ்சா வரேன். இல்லேன்னா அவளோட போயிடறேன். நீங்க கோவிச்சுக்கக் கூடாது.”

“தெரியும். முழுசாத் தெரியும்” என்றார் மேஸ்திரி.

டிஸ்சார்ஜுக்குப் பத்து நாள் இருந்தது. அன்றைக்கே குன்றுக்குப் போனார். கூப்பிட்டிருந்தால் ஊரில் பத்துப் பேர் வந்திருப்பார்கள். அவளுக்கான வீடு, தன் கையாலேயே முடிக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். கயிற்றின் கீழ்முனையை வாசலில் ஒரு முளை அடித்துக் கட்டினார், மேல்முனையை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறினார், படுக்கையறைக்கான எட்டரை மீட்டரில் அடையாளம் போட்டார், தோண்ட ஆரம்பித்தார். தூக்குக்குண்டு விட்டு, நூல் பிசகாமல் செங்குத்தாக இறக்கினார்.

ஒன்பதாம் நாள் கடப்பாரை கூரையைத் துளைத்தது. பெருச்சாளி சரிவில் குழந்தை மாதிரி ஓடிவந்து படுக்கையறைக்குள் நுழைந்தார். இருட்டு. கூரையில் ஒரு கீறல்கூட இல்லை. திரும்பிப் பார்த்தார். முன்னால் இருந்த அடுப்பங்கரையில், அடுப்பு மேடையை ஒட்டி மண் குவிந்திருந்தது. அதன்மேல் வெளிச்சம் ஜம்மென்று விழுந்துகொண்டிருந்தது.

ஒன்றரை மீட்டர் முன்னால் இறங்கிவிட்டது. எப்படி என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. கயிறு சரிவோடு படுத்துக் கிடந்திருக்கிறது. கயிற்றைத் தூக்கிப் பிடிப்பது அவர் வேலையாக இருந்ததே இல்லை; அவள் வேலை. அவள் இல்லாத அன்று அது அவருக்கு நினைவுக்கே வரவில்லை. இன்னொரு குழி எடுக்கவும் வழியில்லை. இவ்வளவு பக்கத்தில் இரண்டு குழி இருந்தால் கூரை தாங்காது. தலையில் கை வைத்துக்கொண்டு அந்த மண் குவியல்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை மகள் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வாசலுக்குக் கொண்டுவந்தாள். பெட்டியெல்லாம் காரிலேயே இருந்தது. மேஸ்திரி வழியை மறித்து நின்றார்.

“உள்ள வர வேணாம். தப்பாயிடுச்சு. குழி அடுப்பங்கரையில இறங்கிடுச்சு. நீ அவளோடவே போ.”

“கீழ யாரு கழி புடிச்சது?”

“யாரும் புடிக்கல. முளையில கட்டிட்டேன்.”

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலித்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

“முப்பது வருஷமா நான் சும்மா வேடிக்கை பாத்துட்டு நின்னேன்னு நெனச்சீங்களாக்கும்? சரி, தள்ளுங்க. என் கை படாத வேலையோட லட்சணத்தைப் பாப்போம்.”

அவர் நாற்காலியை உள்ளே தள்ளினார். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள், கைப்பிடியைப் பற்றிய விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. வெளிச்சம் முகத்தில் பட்டதும் கண்ணைத் திறந்து தலையைச் சாய்த்து மேலே பார்த்தாள். மேலே ஒரு சதுரம் வானம். ஒரு மேகம் அவசரமில்லாமல் அதைக் கடந்துபோயிற்று. மேஸ்திரி அவள் மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தார்.

“கட்டிலை இங்க போடுங்க.”

“இது அடுப்பங்கரை” என்றார் மேஸ்திரி.

“இருந்துட்டுப் போகட்டும். இனிமே சமைக்கப் போறது நீங்கதானே? உப்பைக் கொட்டாம பாத்துக்க ஆள் வேணாமா?”

மகள் பெட்டிகளை இறக்கக் காருக்குப் போனாள்.

மேடைக்கும் சுவருக்கும் நடுவே கட்டில் அடங்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது. மேஸ்திரி பையிலிருந்து கயிற்றை எடுத்தார், ஒரு முனையைச் சுவரில் அடிக்க ஆணி தேடினார்.

“அந்த முனையை இப்படிக் கொடுங்க” என்று அவள் கையை நீட்டினாள்.

கொடுத்துவிட்டு மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கயிறு அதிர்ந்துகொண்டே இருந்தது.

“ஆட்டாம புடிங்க” என்றாள்.