எலுமிச்சம்பழத்தில் ஏறாத விமானம்

காமயகவுண்டன்பட்டிக்குத் வியாபாரத்துக்குத் திராட்சை எடுக்கப் போன இடத்தில்தான் அந்தத் தோட்டக்காரரைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் நீட்டிக்கொண்டிருக்கும். ரிமோட்டில் பறக்கும் விமானம் ஒன்றை மோட்டார் ரூமில் வைத்து இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தார். நிஜ விமானத்தில் எல்லாமே எட்டில் ஒரு பங்கு. உள்ளே உட்கார்ந்திருந்த பைலட் பொம்மைக்கு மீசையைக்கூட அளந்துதான் ஒட்டியிருந்தார்.

பறக்கவிடும் நாளில் கதிரடிக்கும் களத்தில் ஊரே கூடிவிட்டது. விமானத்துக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலையும் போட்டார். புது லாரிக்குச் செய்வதுபோல முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னால் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு ரிமோட்டைத் தட்டினார். விமானம் உறுமிக்கொண்டு போய்ப் பழத்தில் முட்டி நின்றது. நாலு தடவை ஏற்றிப் பார்த்தார். பழத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"எல்லாம் எட்டுல ஒண்ணுன்னு சொன்னீகளேண்ணே, பழத்துக்குப் பதிலா ஒரு திராட்சைய வச்சு ஏத்திப்புடுங்க" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாமி காரியத்துல வெளையாடக் கூடாது தம்பி. பழம் நசுங்காம வண்டிய எடுக்க மாட்டேன்."

விமானம் மாலையோடு மோட்டார் ரூமுக்குத் திரும்பியது.

அடுத்த அறுவடைக்குப் போனபோது அதன் வயிறு நிறைய ஈயக்கட்டிகளை அடுக்கியிருந்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சு வாங்கத் தூக்கிப் பழங்களின்மேல் இறக்கினோம். இரண்டும் சப்பென்று நசுங்கின.

"இப்பச் சொல்லுங்க தம்பி" என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே, இனி இது பறக்குமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.