என் தங்கை கரை திறந்த கதை

என் தங்கை தன் வீட்டில், தன் கட்டிலில், பட்டப்பகலில் குறட்டை விட்டுத் தூங்குகிறாள் என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். அவள் புருஷனைச் சொல்கிறேன். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அந்த வீட்டை நினைத்து நினைத்தே எனக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை ஒன்று கூடியிருந்தது. இனி அவளைப் பற்றி நிதானமாக எழுதலாம்.

எழுத நீ யார் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்றாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன், பள்ளிக்கூடமும் என்னை விட்டது. தலையில் மண்கூடை சுமந்தவன் இன்று மூன்று பொக்லைனுக்குச் சொந்தக்காரன். இந்தக் கடற்கரையில் தண்ணீர் தடுக்கும் கரைகளில் பாதி என் கை பட்டவை. நான் அடித்த மண் சரிந்தது என்று ஒருவன் சொல்லட்டும், பார்க்கலாம்.

தங்கையைப் படிக்க வைத்ததும் நான்தான். அவள் படித்து முடித்து, கடலோரப் பறவைப் பூங்காவில் காவலர் வேலைக்குப் போனாள். அவள் குரல் இனிமையான குரல் என்று அண்ணனாக இருந்தும் சொல்ல மாட்டேன். தூரம் போகும் குரல். முட்டையிடும் காலத்தில் யாராவது நடைபாதையை விட்டு ஒரு அடி விலகினால் இவள் ஒரு சத்தம் போடுவாள். பறவை பறக்காது, ஆள்தான் பறப்பான்.

சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு வீடு கட்டினாள். பூங்காவுக்குப் பின்னால் இருக்கும் தெரு அது. மேட்டில் தொடங்கிச் சரிந்து இறங்கி, பூங்கா வேலியில் முடியும். இவள் வீடு மேட்டில் முதல் வீடு. அஸ்திவாரத்துக்கு மண் அடித்தவன் நான், கூலி பேசவில்லை. தெருவின் அடியில், கடைசி வீடு தையல்காரருடையது. அவரை எல்லோரும் 'அளவு' என்றுதான் கூப்பிடுவோம். யாரைப் பார்த்தாலும் வணக்கத்துக்கு முன்னால் இடுப்பு அளவைச் சொல்லிவிடுவார்.

பூங்காவுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு பழைய கரை இருந்தது. எனக்கு முந்திய காலத்துக் கரை, அதனால் அதன் லட்சணத்துக்கு நான் பொறுப்பில்லை. புயல் காலத்தில் கடல் அதைக் கடிக்கும், நான் மண் போடுவேன். மறுபடி கடிக்கும், மறுபடி போடுவேன். இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பூங்கா அலுவலகத்துக்கு ஒரு புது இன்ஜினியர் பெண் வந்தாள். தெருவை ஒட்டி அகலமாக, தாழ்வாக ஒரு புதுக் கரை போடச் சொன்னாள். போட்டேன். அதன் பிறகு பழைய கரையில் ஒரு வாசல் அகலத்துக்கு வெட்டிவிட வேண்டும் என்றாள்.

"தண்ணியக் கூப்பிட்டு விருந்து வைக்கிறதாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமா ஐயா. உள்ள வந்தா சேறு தங்கும், சேத்துல புல் முளைக்கும். புல்லுக்குள்ள நடந்து நடந்து அலை களைச்சுப் போயிடும். உங்க புதுக் கரைக்கு வரும்போது அதுக்குத் தெம்பே இருக்காது. பூங்காவும் தப்பிக்கும், தெருவும் தப்பிக்கும்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. தங்கைக்கு உடனே வந்துவிட்டது. பழைய கரையின் ஒரு மூலைக்கு முன்னால் கொஞ்சம் புல் வளர்ந்திருந்ததாம். அந்த இடத்தை மட்டும் கடல் கடித்ததே இல்லையாம்.

தெருவில் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வரும் பொறுப்பை அவளிடம் கொடுத்தார்கள். அவளும் போனாள். "ஞாயித்துக்கிழமை கரை திறக்கிறோம், குடும்பத்தோட வந்துடுங்க" என்றாள். ஒரு வீட்டில்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. சந்தோஷமாகத் தலையாட்டினார்கள்.

"பாத்தியா அண்ணே, அந்தப் பொண்ணு சண்டை வரும்னு பயந்துச்சு. நான் போய்ப் பேசினா எவனாவது மறுபேச்சுப் பேசுவானா?" என்று என்னிடம் வந்து பெருமை அடித்தாள். பெருமை எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தெருவே வந்தது. எல்லோரும் இஸ்திரி போட்ட துணியில் இருந்தார்கள். பிள்ளைகள் கையில் பூ. தையல்காரர் துணி வெட்டும் பெரிய கத்திரிக்கோலைத் துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்திருந்தார். நான் பொக்லைனைப் பழைய கரைமேல் ஏற்றி, வாளியை இறக்கினேன்.

"ஏம்மா, அங்க எதுக்குத் தோண்டுறாரு? ரிப்பன் எங்க?" என்றார் தையல்காரர்.

"ரிப்பனா?"

"கரை திறக்கிறோம்னு நீதானே வந்து சொன்னே?"

"அதான் திறக்கிறோமே."

"திறக்கிறதுன்னா ரிப்பன் வெட்டுறதும்மா."

"திறக்கிறதுன்னா திறக்கிறதுண்ணே. ஓட்டை போடுறது. தண்ணி உள்ள வர்றது."

அவ்வளவுதான், மொத்தத் தெருவும் என் வண்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டது. இன்ஜினியர் பெண் படத்தை விரித்துக் காட்டினாள். யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தையல்காரர் கத்திரிக்கோலை மடக்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"உனக்கென்னம்மா, மேட்டுல வீடு. தண்ணி வந்தா முதல்ல நீந்தப் போறது என் தையல் மெஷின்தான்."

என் தங்கைக்கு ரோஷம் வந்தால் முன்பின் பார்க்க மாட்டாள்.

"அப்ப வீட்டை மாத்திக்குவோம். பெரிய புயல் ஒண்ணு வந்து போற வரைக்கும் நான் கீழ, நீங்க மேல. தண்ணி கரையத் தாண்டி வாசலுக்கு வந்துச்சுன்னா மேல் வீடு உங்களுக்கே. தெரு மொத்தமும் சாட்சி."

வண்டிக்குள் இருந்த எனக்குத் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது போல இருந்தது. இறங்கி ஓடினேன். "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லுங்க" என்றேன்.

மாப்பிள்ளை பஸ் ஓட்டுகிறவர். ஹாரன் அடிக்கும் அளவுக்குக்கூட வாய் திறக்காதவர். யோசித்துவிட்டு, "கீழ் வீட்டுல இருந்து டிப்போ பக்கம்தான்" என்றார்.

தையல்காரர் தலையாட்டிவிட்டு ஒதுங்கினார், தெருவும் அவர் பின்னால் ஒதுங்கியது. "வண்டிய எடு அண்ணே" என்றாள் தங்கை.

வெட்டினேன். வெட்டினால் இப்படி வெட்ட வேண்டும் என்று இன்றும் பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் சீவிவிட்ட சரிவு, ஒரு கட்டி மண் உதிரவில்லை.

வீடு மாறினார்கள். பிறகு பார்த்தால் புயல் வரவே இல்லை. ஒரு வருஷம் போயிற்று, இன்னொரு வருஷமும் போயிற்று. வெட்டிய வழியாகத் தண்ணீர் வந்து வந்து போனது. முதலில் வெறும் சேறு. அதன் நாற்றத்தில் தெருவே மூக்கைப் பிடித்தது. "பூங்காவா இது, சாக்கடையா?" என்று இவளைப் போக வர விடாமல் கேட்டார்கள். அப்புறம் அங்கங்கே புல் தலைகாட்டியது. நடைபாதையை மேட்டுக்கு மாற்றினார்கள், பறவை பார்க்கும் குடிலைக் கழற்றி உள்ளே தள்ளி நிறுத்தினார்கள். தங்கை தினமும் முழங்கால் சேற்றில் போய்ப் புல்லைப் பார்த்துவிட்டு வந்தாள். பெற்ற பிள்ளையின் முடியைக்கூட அவள் அப்படித் தடவிப் பார்த்ததில்லை.

தையல்காரருக்கு மேட்டு வீடு நன்றாகப் பிடித்துவிட்டது. கதவுக்கு வேறு வண்ணம் அடித்தார். "என் வீட்டுக்கு வந்து அளவு குடுத்துட்டுப் போங்க" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்ல ஆரம்பித்தார். ஒரு நாள் தங்கை என் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தாள். முகம் செத்துப் போயிருந்தது.

"என் சுவத்துல ஆணி அடிச்சிருக்காரு அண்ணே."

"வீட்டையே பந்தயம் வெச்சப்ப தெரியலையா?"

"அப்ப புல்லு முளைக்கும்னு தெரியும். இவர் ஆணி அடிப்பார்னு தெரியாது."

போன மாதம் புயல் வந்தது. காலையிலேயே காற்று கூரைகளைப் பிடித்து ஆட்டியது. உச்சிப் பொழுதில் கடல் ஏறும் என்று அறிவித்தார்கள். நான் லாரியையும் தண்ணீர் இறைக்கும் மோட்டாரையும் எடுத்துக்கொண்டு கீழ் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார்.

"சாமானை ஏத்து" என்றேன் தங்கையிடம்.

"ஏத்த மாட்டேன். நான் ஏத்தினா தெருவே ஏத்தும். நானே நம்பலைன்னு ஆயிடும்."

சொல்லிவிட்டுப் புதுக் கரைமேல் ஏறிவிட்டாள். நானும் பின்னால் ஏறினேன். எதிரே பழைய கரைமேல் அலை மோதிப் புகையாக எழுந்தது. வெட்டிய வழியில் தண்ணீர், பூட்டிய கதவு திறந்ததும் கூட்டம் பாய்வது போல உள்ளே பாய்ந்தது. தங்கை என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பட்ட தடம் இன்னும் இருக்கிறது. பாய்ந்த தண்ணீர் புல்லுக்குள் புகுந்து அகன்றது. புல் தரையோடு படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. ஒவ்வொரு வரிசைக்கும் அலை குட்டையானது. எங்கள் காலடிக்கு வந்தபோது அதில் அலையே இல்லை. நாய் தண்ணீர் குடிப்பது போல என் கரையைச் சலக் சலக் என்று நக்கியது. ஆனால் மட்டம் மட்டும் ஏறிக்கொண்டே வந்தது.

மடங்கிய குடையோடு தையல்காரரும் வந்து சேர்ந்தார். கழுத்தில் டேப் தொங்கியது. கரையின் தலையிலிருந்து தண்ணீர் வரை குனிந்து அளந்தார்.

"முழுக்கைச் சட்டையோட கை நீளம் இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அரைக்கை" என்றார். தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி அளந்து, "அரைக்கைதான்." மறுபடியும், "அரைக்கைதான்." பிறகு வெகுநேரம் டேப்பைத் தொங்கவிட்டபடி குனிந்தே நின்றார். மழை மட்டும் அடித்தது.

"முழுக்கை" என்றார் தையல்காரர். சாயங்காலத்துக்குள், "பேன்ட் நீளத்துக்கு இறங்கிடுச்சும்மா, இடுப்புப் பட்டியோட சேத்து" என்று சொல்லிவிட்டு, சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தார். கீழே இருப்பது அவர் வீடும்தானே. என் தங்கை அழுதாள். நான் அழவில்லை, மழைத் தண்ணீர்.

தெருவில் ஒரு வாசல்படிகூட நனையவில்லை, மழையில் நனைந்ததைத் தவிர.

மறுநாளே தையல்காரர் மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். "உன் வீட்டுல காத்து ஜாஸ்தி, வெட்டின துணியெல்லாம் பறக்குது" என்று சாவியைக் கொடுத்தார். கிளம்பும்போது, "ஆணியை மட்டும் பிடுங்காதே, நல்ல ஆணி" என்றார். தங்கை பிடுங்கவில்லை. பூங்காச் சட்டையை அதில்தான் மாட்டுகிறாளாம். மாட்டிவிட்டுப் படுத்தவள்தான், மாப்பிள்ளை எனக்குப் போன் செய்யும் வரை எழுந்திருக்கவில்லை.

வெட்டிய இடத்துக்கு மேலே இப்போது நடைபாலம் போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஏறு பாதைக்கு மண் அடித்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நேற்று தங்கை மறுபடி வீடு வீடாகப் போனாள்.

"ஞாயித்துக்கிழமை பாலம் திறக்கிறோம், குடும்பத்தோட வந்துடுங்க."

தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "திறக்கிறதுன்னா?"

"ரிப்பன் வெட்டுறதுண்ணே. கத்திரிக்கோலக் கொண்டாங்க."