தடைக்காலத்திலும் கரைக்கு வராத ஒரு பெயர்

1. ஐந்நூற்று மூன்று

மீன்பிடித் தடைக்காலத்தில்தான் எங்கள் ஆபீஸில் புதியதை ஏற்றுகிற பெரிய டிப்ளாய்மென்ட் வேலையெல்லாம் வைப்போம். மற்ற கம்பெனிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பார்ப்பார்கள். நாங்கள் தடைக்காலம் பார்ப்போம். காரணம் இதுதான். எங்கள் அப்ளிகேஷன் பாகூர் பக்கத்துக் கடலோரக் குப்பங்களுக்காக எழுதியது. விசைப்படகில் யார் யார் தொழிலுக்குப் போயிருக்கிறார்கள், யார் கரைக்கு வந்துவிட்டார்கள் என்று பெயர் பெயராகக் காட்டும். புயல் எச்சரிக்கை வந்தால் கரையில் இருப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் ஆளைத் தேடுவார்கள். தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பதால், சர்வரை நிறுத்தினாலும் யாருக்கும் ஆபத்தில்லை.

ஒரு வருஷம் தடைக்காலத்தில் பழைய அப்ளிகேஷன் சர்வரை விட்டுப் புதியதற்கு மாறினோம். வில்லியனூர் கடைத்தெருவில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். காலையில் புது அப்ளிகேஷனை ஏற்றி, ரீஸ்டார்ட் கொடுத்து, பிரவுசரைத் திறந்தேன். 503 என்று வந்தது.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். வெப் சர்வர், மெஸ்ஸின் முன்னால் நின்று என்ன வேண்டும் என்று கேட்கிற ஆள். அப்ளிகேஷன் சர்வர், உள்ளே இருக்கிற சமையல்கட்டு. 503 வந்தால் முன்னால் ஆள் நிற்கிறார், உள்ளே அடுப்பு பற்றவில்லை என்று அர்த்தம். முன்னால் நிற்பவரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். உள்ளே போய், நடந்ததையெல்லாம் வரிவரியாக எழுதிவைத்திருக்கிற லாகைப் படியுங்கள்.

படித்தேன். புது அப்ளிகேஷன் எழும்பும்போது பழைய பதிவுகளைத் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளும். தடைக்காலம்தானே என்று அதில் ஒரு விதி இருந்தது: கடலுக்குப் போன ஒவ்வொருவரும் திரும்பியிருக்க வேண்டும். ஒரே ஒரு பதிவு அந்த விதியில் முட்டிக்கொண்டு மொத்தத்தையும் நிறுத்தியிருந்தது. பெயர்: தேசிங்கு. நிலை: தொழிலில் இருக்கிறார்.

எங்கள் முதலாளி ராஜவேலு சார் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, ஒரு ரெக்கார்டுக்கா இவ்ளோ நேரம் நிக்குது? வந்துட்டார்னு அமுத்திட்டு மேல போ."

"அவரு வரல சார்."

சாருக்கும் அந்த விஷயம் தெரியும். ஸ்கிரீனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டீ குடிக்கக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

2. இரண்டே பட்டன்

அப்ளிகேஷனை முதன்முதலில் குப்பத்துப் பெண்களுக்குக் காட்டியபோது நான் மூன்று பட்டன் வைத்திருந்தேன். 'தொழிலுக்குப் போறார்', 'கரைக்கு வந்துட்டார்', 'காணவில்லை'. மூன்றாவதைப் படித்துக் காட்டியதும் முன்வரிசையில் இருந்த அஞ்சலை அக்கா எழுந்தே நின்றுவிட்டார்.

"அத எடு மொதல்ல. ஆம்பள கடல்ல இருக்கறப்ப இந்த வார்த்தையவா கையில புடிச்சிக்கினு ஒக்காருவோம்? உனுக்கு அறிவு இருக்குதா?"

இன்னொன்றும் சொன்னார். "எங்க வூட்டாளு வந்தா நாங்கதான் அமுத்துவோம். வேற யாரும் கை வெக்கக் கூடாது." எல்லாப் பெண்களும் அதற்கும் தலையாட்டினார்கள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பஸ்ஸில் வீடு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். ஆனால் பட்டனை எடுத்துவிட்டோம். வீட்டுப் பெண்தான் அழுத்த வேண்டும் என்பதும் அப்படியே நின்றது.

அதற்கப்புறம்தான் அஞ்சலை அக்காவின் வீட்டுக்காரர் தேசிங்கு, வலை இழுக்கும்போது பெரிய அலையில் படகிலிருந்து விழுந்தார். தேடித் தேடிப் பார்த்தும் உடல் கிடைக்கவில்லை. படகு திரும்பிய அன்று மற்ற வீட்டுப் பெண்கள் எல்லோரும் பட்டனை அழுத்தினார்கள். அஞ்சலை அக்கா அழுத்தவில்லை. அவர் அழுத்துவதற்கு எங்களிடம் ஒரு பட்டனும் இல்லை.

அதனால்தான் அந்த 503 வந்த அன்று மதியமே நான் குப்பத்துக்குப் போனேன். அக்கா வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். கழுத்தில் தாலி, தலையில் பூ. விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"வந்துட்டாருன்னு போட்டா பொய்யி," என்றார். "வரமாட்டாருன்னு நீ போடுவியா? அப்டியே வுட்டுடு."

"அப்டியே வுட்டா புதுசு ஓடாதுக்கா."

"அப்ப அவரு பழசுலயே இருக்கட்டும். அவரு ஒருத்தருதான? எவ்ளோ எடத்த அடைச்சிக்கப் போறாரு?"

கருவாட்டைப் புரட்டுவதை அவர் நிறுத்தவே இல்லை. எனக்குத்தான் கண் நிறைந்தது; செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

3. ஒரு பெயருக்கு ஒரு சர்வர்

அவர் சொன்னபடியே செய்தோம். மற்ற எல்லாப் பெயர்களையும் புதியதற்குக் கொண்டுபோனேன். பழைய அப்ளிகேஷன் சர்வரை வேறொரு போர்ட்டில், தனி வாசல் வைத்த மாதிரி, தேசிங்கு ஒருவருக்காக ஓடவிட்டேன். வெப் சர்வரில் ஒரு வரி சேர்த்தேன்: தேசிங்கு பெயரைக் கேட்டு இந்தப் பாதையில் வருகிறவரைப் பழையதிடம் அனுப்பு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தளம்தான்.

சார் ஒன்றும் கேட்கவில்லை. புதிதாக வந்தவர்கள்தான் கேட்பார்கள். "மேடம், இது சும்மா ஓடுது, எடுத்துடலாமா?" வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்று சொல்லியிருக்கிறேன். அதில் ஒருவன் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டான்.

அது சும்மா ஓடவில்லை. வெப் சர்வரின் லாகில் தினமும் விடியற்காலையில் அந்தப் பாதைக்கு ஒரு வரி விழும். அக்கா மீன் எடுக்கக் கூடையோடு கிளம்புவதற்கு முன்னால் போனில் பார்க்கிறார். ஒதியம்பட்டு வீட்டிலிருந்து ஆபீஸுக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். இன்னும் காத்துக்கொண்டிருக்கிறாரே, யார் போய் இவருக்குச் சொல்வது என்று நினைத்துக்கொள்வேன். இப்படியே சில வருஷங்கள் போயின.

4. நிறுத்தியது

அக்காவின் மகளுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வந்தது. வைரல் காய்ச்சலில் படுத்துவிட்டதால் நான் போகவில்லை. கல்யாணம் முடிந்த வாரம் அக்காவே மாடியேறி ஆபீஸுக்கு வந்தார். தாம்பூலப் பையை என் மேஜைமேல் வைத்தார். தலை நிறையப் பூ.

"நாளைக்கு அவருக்குக் காரியம். ஊர்ல சொல்லியாச்சு. அத நிறுத்திடு பாப்பா."

"இத்தினி வருஷம் காத்துக்கினு இருந்தீங்களேக்கா..."

"யாரு காத்துக்கினு இருந்தா?" என்றார். "படகு வந்த அன்னிக்கே தெரியும் எனுக்கு, அவரு இல்லன்னு. காரியம் பண்ணிட்டா பொண்ணு கல்யாணத்துல என்னிய ஒதுங்கி நில்லும்பாங்க. நான் மணவறைகிட்ட பூவோட நிக்கணும். அதுவரைக்கும் அவரு தொழில்ல இருக்கட்டும்னு வுட்டேன். ஊர்ல பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும். ஒருத்தியும் வாயத் தெறக்கல."

"அப்ப ஏங்க்கா தெனம் பாத்தீங்க?"

"யாராச்சும் அமுத்திட்டாங்களான்னு பாக்கத்தான்." அவர் குரல் இறங்கியது. "இருக்கிறார்னு போட்டிருக்கும்ல. வேற எங்க போட்டிருக்கு அப்டி?"

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. "நிறுத்து, நான் பாத்துக்கினு இருக்கேன்," என்றார்.

பழைய அப்ளிகேஷன் சர்வரை நிறுத்தினேன். அவர் போனில் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். இங்கிலீஷில் ஏதோ வந்தது. போனை என்னிடம் நீட்டினார். "இன்னா எழுதியிருக்கு?"

உள்ளே அடுப்பு அணைந்தால் முன்னால் நிற்கிற ஆள் வழக்கமாகச் சொல்கிற வாசகம்தான் அது. தற்காலிகமாகக் கிடைக்கவில்லை, பிறகு முயற்சி செய்யவும். எத்தனையோ முறை பார்த்த வாசகம். அன்றைக்கு அதைப் படித்துக் காட்ட எனக்கு வாய் வரவில்லை.

"முடிஞ்சிதுன்னு போட்டிருக்குக்கா."

"செரி," என்று சொல்லி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு இறங்கிப் போனார். படியில் கொஞ்சம் மல்லிகைப்பூ உதிர்ந்து கிடந்தது. நான் கூட்டவில்லை.

அவர் போனதும் வெப் சர்வரிலிருந்து, பழையதிடம் அனுப்பு என்ற அந்த வரியை எடுத்தேன். பிறகு வா, பிறகு வா என்று அது அவரிடம் சொல்லிக்கொண்டே இருக்கக் கூடாது. அதே பாதையில் ஒரு சாதாரணப் பக்கம் வைத்தேன். தேசிங்கு என்ற பெயர் மட்டும். நிலை எதுவும் இல்லை. அந்த மாதிரிப் பக்கத்தை வெப் சர்வரே எடுத்துக் கொடுத்துவிடும், பின்னால் எதுவும் ஓட வேண்டாம்.

மறுநாள் காரியம். ஆபீஸுக்கு வந்து வழக்கம்போல லாகைத் திறந்தேன். விடியற்காலையில் அந்தப் பாதைக்கு ஒரு வரி விழுந்திருந்தது.

பழைய பாதையை எடுப்பதற்கு முன்னால், யாராவது இன்னும் வருகிறார்களா என்று லாகைப் பாருங்கள் என்று எல்லா சீனியர்களும் சொல்வார்கள். எடுத்த பிறகும் பாருங்கள் என்று நான் சொல்கிறேன். அந்தப் பக்கம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. யாரும் தொடாதீர்கள்.