பாக்குக் காய்த்த விசிறிப்பனை

தொண்ணூறுகளின் நடுவில், ஆர்.எஸ்.புரத்து எங்கள் இல்லத்தின் வாயிலருகே விசிறிப்பனை ஒன்று நின்றது. அப்பா நாற்றுப்பண்ணையிலிருந்து வாங்கி வந்த குள்ள வகை. நான்காண்டுகள் கடந்தும் என் தோளுக்கு மேல் வளர மறுத்தது. நட்டவர் அப்பா, வளர்த்தவர் அவருடைய தங்கையான அத்தை. வேரில் நீர் தேங்கினால் அழுகிவிடுமென்று மண்ணில் ஆற்றுமணல் கலந்ததும், மட்டையோர முட்களுக்கு அஞ்சாமல் காய்ந்த ஓலைகளை நறுக்கியதும் அவரே. கடுங்கோடையிலும் அது வாடி நான் கண்டதில்லை.

அவ்வாண்டு அத்தையைப் பெண் பார்க்கக் காங்கேயத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் தந்தை தென்னந்தோப்புக்காரர். வாயிலிலேயே நின்று பனையைச் சுற்றிப் பார்த்து, “இது என்னத்தைங்க காய்க்கும்?” என்று வினவினார். அழகுக்காக வளர்ப்பது என அப்பா விளக்கினார். “பாக்கறதுக்கு மட்டும் ஒரு மரமுங்களா?” என்றபடி அவர் உள்ளே நுழைந்தார்.

அவர்கள் சென்றபின், மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று அம்மா கேட்டார். அத்தை பனைக்கு நீர் ஊற்றப் போய்விட்டார்.

இரண்டு நாளில் தரகர் செய்தி கொணர்ந்தார். காய்க்காத மரம் தலைவாசலில் நிற்பது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவருக்கு உறுத்தலாக இருக்கிறதாம், வேறு குறையில்லையாம், ஞாயிறன்று மீண்டும் வந்து முடிவு சொல்வாராம். சனிக்கிழமை மாலை அப்பா கடப்பாரையை எடுத்தார். முள் குத்திய கையோடு, காலையில் ஆள் வைத்துத் தோண்டலாம் என்று திரும்பினார். காலையில் ஆள் வரவில்லை.

பனை பிழைக்க வேண்டும். திருமணமும் நடக்க வேண்டும். ஒன்பது வயதில் எனக்குத் தோன்றிய வழி ஒன்றே. அடுத்த தெருத் திருமணப் பந்தலில் கட்டியிருந்த பாக்குக்குலையைக் கேட்டு வாங்கி வந்து, பனையின் நடுவே வாழைநாரால் கட்டினேன்.

பெரியவர் வந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குலையை நெடுநேரம் உற்றுநோக்கினார். அப்போதுதான் அதைக் கண்ட அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

“ஆரு கண்ணு இதுக்குத் தண்ணி ஊத்தறது?” என்று பெரியவர் என்னைக் கேட்டார். அத்தை என்றேன்.

“அப்ப அம்மணி நம்ம தோட்டத்துக்கு வந்தா, தென்னையிலயும் பாக்கு காய்க்குமாட்ட இருக்குதுங்க” என்று அப்பாவிடம் கூறினார், முகத்தில் சிரிப்பேயின்றி. மற்ற அனைவரும் சிரித்தனர். அன்றே திருமணம் உறுதியாயிற்று; பனையைத் தோண்டும் பேச்சும் அடங்கிற்று.

எத்தனையோ தென்னைகளைக் கண்டவரை ஏமாற்றிவிட்ட பெருமிதத்தோடு, மாலையில் குலையை அவிழ்க்கப் போனேன். என் வாழைநாரைக் காணவில்லை. நான்காக மடித்த நீல நூலால், காற்றுக்கும் அசையாதபடி குலை இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அத்தையின் தையற்பெட்டி நூல் அது. நான் கட்டியது அவ்வளவு தளர்வாகவா இருந்தது என்றெண்ணி, சற்று வருந்தினேன்.