சின்ன மாமா இன்னைக்குத்தான் வீடியோ பாத்தாரு

எங்க ஊரு கண்மாய்க்கு மழைத் தண்ணி வர்ற வாரியை மண்ணடிச்சு மூடி, அது மேலயே வீடு கட்டினவரு எங்க சின்ன மாமா.

போன வருஷம் யூடியூப்ல இலவசமா வந்த நீர்நிலைப் பாடம் ஒன்னைக் குடும்ப குரூப்ல போட்டேன். வாரியை மூடுனா தண்ணி வீட்டுக்குள்ளதான் வரும்னு அதுல தெளிவாச் சொல்லியிருந்தாங்க.

"ஓசி வீடியோவப் பாத்துட்டு எனக்கே பாடம் எடுக்குறியா?"ன்னு கேட்டு, குரூப்ப விட்டே என்னைத் தூக்கிட்டாரு.

நேத்து ராத்திரி பூரா மழை. காலையில மாமாவே போன் பண்ணுறாரு.

"மருமகளே, ஹால்ல முழங்கால் தண்ணிம்மா. ஒங்க மோட்டாரக் கொஞ்சம் குடுத்து விடேன். அறந்தாங்கியில வாங்குன புது சோபாவுல பாம்பு வேற ஏறிக் கெடக்கு!"

போட்டோ அனுப்பச் சொல்லிப் பாத்தேன். தண்ணிப்பாம்பு.

"அதுக்கு விஷம் கெடையாது மாமா, அடிச்சுப்புடாதீங்க. வாரியில இருந்தது, எடத்தத் தேடி வந்துருக்கு. மோட்டார் இருக்கட்டும், அந்தப் பழைய வீடியோவ அனுப்புறேன். மொதல்ல அத முழுசாப் பாருங்க."

அனுப்புன ஒடனே நீல டிக் விழுந்துருச்சு. பாம்பும் அவரும் சேந்துதான் பாக்குறாங்க போல.

இப்ப மோட்டாரக் குடுத்து விடவா, இல்ல பாம்புகளைப் பத்தின ரெண்டாவது பாடத்தையும் அனுப்பவா? நீங்களே சொல்லுங்க.